பேப்பர்பேக்ஸ்வாப்பா, புக்மூச்சா?

படித்த புத்தகங்களைத் தபாலில் மாற்றிக்கொள்ள உதவும் இணையதளங்கள் இவை. அலமாரி நிறைந்து வழியும் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர்களுக்கு இரண்டுமே ஆசை காட்டும். ஆனால் பேப்பர்பேக்ஸ்வாப் அமெரிக்க முகவரிக்கு மட்டும்தான். தபால் செலவு அனுப்புபவருடையது. சாதாரணப் புத்தகம் ஒன்று போய்ச் சேர்ந்தால் ஒரு கிரெடிட். அதை வைத்து வேறொன்று கேட்கலாம். இப்போது உறுப்பினர் கட்டணமும் உண்டு. ஹூஸ்டனில் அக்கா இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள், நமக்கு உதவாது.

2006-இல் தொடங்கிய புக்மூச்சில் கட்டணமே இல்லை, எல்லாம் புள்ளிகள்தான். பட்டியலில் ஒரு புத்தகம் சேர்த்தாலே புள்ளியில் பத்தில் ஒரு பங்கு வரும். உள்நாட்டில் அனுப்பினால் 1 புள்ளி, வெளிநாட்டுக்கு 3. வாங்குபவர் உள்நாட்டிலிருந்து வரும் புத்தகத்துக்கு 1, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு 2 கொடுத்தால் போதும். மிச்சம் ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அனுப்புபவருக்கு ஊக்கத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி இலவசம், தபால் இலவசமில்லை. ஐந்து பாக வரலாற்று நாவலைக் கடல் தாண்டி அனுப்பினால், தபால் காசில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புதிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். மெல்லிய கவிதை நூல்களை அனுப்பிப் புள்ளி சேர்த்து, தடித்ததைக் கேட்டு வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். தமிழ் நூல் தேடுபவர்கள் முதலில் தேசிய நூலகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.