பினாங்கில் வீடு தேட: மாநிலம் முழுக்கச் சுற்றும் ஏஜெண்டா, வட்டாரத்து ஏஜெண்டா?

செந்தூலிலிருந்து பினாங்குக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பினாங்கு மாநிலத்தில் ஒரு பாதி தீவு, மறுபாதி கடலுக்கு இந்தப் பக்கம் பெருநிலம். எனக்குத் தீவில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, மனைவிக்குப் பெருநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை. எந்தப் பக்கம் வீடு வாங்குவது என்று தெரியாமல் எட்டு மாதம் அலைந்தோம். முதலில் இணையத்தில் கிடைத்த, மாநிலம் முழுக்க வீடு காட்டும் ஓர் ஏஜெண்டு. பிறகு பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) குடியிருந்து, அந்த வட்டாரத்தை மட்டும் பார்க்கும் ஓர் அண்ணன். கடைசியில் அண்ணன் மூலம்தான் வாங்கினோம். அதனால் என் சாய்வு அவர் பக்கம், முன்பே சொல்லிவிடுகிறேன்.

இருவரிடமும் பார்க்க வேண்டிய அடிப்படை ஒன்றுதான். மலேசியாவில் வீட்டு ஏஜெண்டு வேலைக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை செய்கிற நெகோஷியேட்டர், அதாவது வீடு காட்டி விலை பேசுபவர், ரென் (REN) என்ற பதிவு எண் போட்ட அட்டை வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பணத்தை நிறுவனம் வாடிக்கையாளர் பணத்துக்கென்றே வைத்திருக்கும் கிளையண்ட் கணக்கில் மட்டும் போடுங்கள், தனி ஆளின் கணக்கில் வேண்டவே வேண்டாம்.

மாநிலம் முழுக்கச் சுற்றுபவரால் எங்களுக்கு நன்மை இல்லாமல் இல்லை. வந்த புதிதில் எங்களுக்கு ஜெலுத்தோங் எது, ரெலாவ் எது என்றே தெரியாது. இரண்டே வார இறுதியில் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட், சுங்கை ஆரா கொண்டோ, பட்டர்வொர்த் பழைய தரைவீடு, பத்து காவான் புது வீடு என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டார். தீவில் கொண்டோவுக்குக் கொடுக்கும் விலையில் பெருநிலத்தில் தரைவீடே கிடைக்கும் என்பதை நேரில் பார்த்துப் புரிந்துகொண்டது அப்போதுதான். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலங்களில் 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் வந்த இரண்டாவது 24 கிலோமீட்டர், இரண்டிலும் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல். இதெல்லாம் அவர் காரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஒரு மாநிலத்தின் படம் மனதில் பதிய இப்படி ஒருவர் தேவை.

ஆனால் வீடு வாங்குவது மாநிலத்தில் இல்லை, ஒரு தெருவில். என் முடிவை மாற்றியது இந்த ஒரு விஷயம்தான்.

அண்ணன் குடியிருக்கும் அந்த தாமானில் ஒரு வீட்டை முதலில் காட்டியவர் மாநிலம் சுற்றும் ஏஜெண்டுதான். வீடு பிடித்திருந்தது, விலையும் கைக்கு எட்டியது. தண்ணீர் ஏறுமா என்று கேட்டேன். "அப்படி எதுவும் கேள்விப்படலை சார்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் குடியிருப்பது தீவில். அந்தத் தெருவில் மழை நாளில் அவர் நின்றதே இல்லை.

மனம் கேட்காமல், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் விசாரித்தபோதுதான் அண்ணன் அறிமுகமானார். அதே வரிசையில் அவர் கையிலும் விற்பனைக்கு ஒரு வீடு இருந்தது. கூட்டிப்போனார், உள்ளே போனதும் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரம் வரை புது டைல்ஸ். பிளக் பாயிண்டுகள் எல்லாம் வழக்கத்துக்கு மேலே. வாசலில் ஒரு சின்னத் திட்டு. நான் முதலில் பார்த்த வீட்டிலும் இதே மாதிரிதான் இருந்தது, அழகுக்காகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். "தம்பி, 2017 நவம்பர் மழையில இந்த வரிசை முழுக்கத் தண்ணி. ரெண்டு தெரு தள்ளி, கோயில் பக்கம் மேடு. அங்க ஒரு வீடு வரும், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவிலும் பெருநிலத்திலும் பல இடங்கள் மூழ்கின. பினாங்கில் வீடு வாங்கும் யாரும் அந்த இரண்டு நாளைப் பற்றி விசாரிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே தாமானில் ஒரு தெரு தப்பித்திருக்கும், அடுத்த தெருவில் சோபாவைத் தூக்கி மேசைமேல் வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே தாமான் பெயர்தான்.

இன்னொன்றும் யோசித்தேன். கமிஷன் கொடுப்பது பெரும்பாலும் விற்பவர், அதிகபட்சம் 3 விழுக்காடு. ஆகவே இரண்டு ஏஜெண்டுகளுமே சட்டப்படி விற்பவருடைய ஆட்கள்தான். அப்படியிருந்தும் கைக்கு வரவேண்டிய கமிஷனை விட்டுவிட்டு அண்ணன் உண்மையைச் சொன்னார். நாளைக்கு நான் அவருக்கு அடுத்த தெருக்காரன். கோயிலில், சந்தையில் என் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டாயம் தூரத்திலிருந்து வருபவருக்கு இல்லை.

அவரிடம் குறையும் இருந்தது. தன் வட்டாரத்தைத் தாண்டி எதையும் காட்ட மாட்டார். தீவைப் பற்றிக் கேட்டால் "அங்க எதுக்குத் தம்பி, பார்க்கிங்குக்கே அலையணும்" என்று முடித்துவிடுவார். மேட்டுத் தெரு வீடு வர இரண்டரை மாதம் காத்திருந்தோம். அவசரமாக வீடு மாறுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

முடிந்தால் முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள். நாங்கள் பாயான் பாருவில் இருந்தோம். மாலை ஐந்தரைக்குப் பாலத்தில் ஒரு வாரம் போய் வந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மாநிலத்தைப் பார்க்க முதல் வகை ஏஜெண்டு, தெருவைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது வகை. பிடித்த வீட்டை நல்ல மழை கொட்டும்போது ஒருமுறை ஏஜெண்டு இல்லாமல் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

நான் வாங்கியது நிரந்தர உரிமையுள்ள பழைய தரைவீடு. 99 வருடக் குத்தகை வீடு என்றால் உங்கள் பெயருக்கு மாற்றி எழுத மாநில அரசின் ஒப்புதல் வேண்டியிருக்கும், வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். கொண்டோ வாங்குபவர்கள் பராமரிப்புக் கட்டணப் பாக்கி எவ்வளவு, பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைத்த கட்டடச் சேமநிதி எவ்வளவு என்று நிர்வாகத்திடமே நேரில் விசாரியுங்கள். அந்தப் பக்கம் எனக்குச் சொந்த அனுபவம் குறைவு, அதனால் அங்கேயும் வட்டாரத்து ஏஜெண்டுதான் மேல் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.