ஆர்கன்சா, கோட்டிக்யூல், கியோட்டோ: எந்தத் தீட்டுக்கல் எதற்கு?

இயற்கைத் தீட்டுக்கல் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: அமெரிக்காவின் ஆர்கன்சா கல், பெல்ஜியத்தின் கோட்டிக்யூல், ஜப்பானில் கியோட்டோ பக்கத்து மலைகளில் வெட்டிய கல். எது உசத்தி என்று மல்லுக்கட்டுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் கத்தி என்ன இரும்பு என்பதையே சொல்வதில்லை. அது தெரியாமல் கல்லைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆர்கன்சா கல் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க சிலிக்கா. ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டுகிறார்கள். சாஃப்ட், ஹார்ட், டிரான்ஸ்லூசன்ட் (ஒளி ஊடுருவுவது) என்று தரம் பிரிப்பது கல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை வைத்து, மற்றபடி சாஃப்ட் என்றால் மெத்தென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் கல்தான். இதன் பெரிய பலம், சீக்கிரத்தில் குழி விழாது. உளி, இழைப்புளி தீட்டுகிற தச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் மெதுவாகத்தான் வெட்டும். எண்ணெய் விடாமல் தீட்டினால் இரும்புத்தூள் ஏறி மேற்பரப்பு வழுக்க ஆரம்பித்துவிடும்.

கோட்டிக்யூல் வேறு ரகம். ஆர்டென் பகுதியில் வீல்சாம் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மஞ்சள் கல், மெல்லிய அடுக்காகத்தான் வரும், அதனால் அடியில் ஸ்லேட் பலகை ஒட்டித் தருவார்கள். உள்ளே வெட்டுவது கார்னெட் என்ற கடினக் கனிமத்தின் நுண்ணிய மணிகள். தண்ணீர் தெளித்து, அதே கல்லின் சிறு துண்டால் மேலே தேய்த்தால் சந்தனம் அரைத்ததுபோல் குழம்பு வரும். குழம்பு கெட்டியாக இருக்கும்போது வேகமாக வெட்டும், கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் குழம்பு சாம்பல் நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அது இரும்பு தேய்ந்து வருவது. அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். ஒரே கல்லில் நடுவேலையும் முடிவேலையும் ஆகிவிடுகிறது. சவரக்கத்திக்கு என் ஓட்டு இதற்குத்தான், கூர் தோலில் உறுத்தாது. கல்லுக்குக் கல் குணம் மாறும் என்பது மட்டும் தலைவலி. கூடவே கிடைக்கும் நீலநிறத் தீட்டுக்கல் விலை குறைவு, வேகமும் குறைவு.

கியோட்டோ கல்லுக்கு வருவோம். பழைய சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடியாகிவிட்டன, நாகயாமா போன்ற சுரங்கப் பெயர்களுக்கு விலை எங்கேயோ போய்விட்டது, பெயர் இருந்தால் விலை ஏறும் என்பதால் முத்திரையை நம்பி வாங்குவது சூதாட்டம். பக்கவாட்டில் அடுக்குப் பிளவு தெரிகிறதா என்று பாருங்கள், தண்ணீர் இறங்கினால் பிளக்கும், அதனால்தான் பக்கங்களுக்கு அரக்கு பூசுகிறார்கள். இதன் அழகு, மென்னிரும்புக்கு நடுவில் கடின எஃகு வைத்து அடித்த ஜப்பானியக் கத்தியில்தான் தெரியும்: மென்னிரும்பு மங்கலாகவும் விளிம்பு பளபளப்பாகவும் பிரிந்து நிற்கும். அந்தக் கத்தி இல்லாதவர் இதற்குக் காசு கொட்டுவது வீண்.

இன்னொன்று. வனேடியம் அதிகம் சேர்த்த புதிய ரக எஃகுக் கத்திகளுக்கு இந்த மூன்றுமே சரிப்படாது, எஃகுக்குள் இருக்கும் கார்பைடு மணிகள் இந்தக் கற்களைவிடக் கடினம். அதற்கு வைரத் தட்டுதான். சாதாரண ஸ்டெயின்லெஸ் சமையல் கத்திக்கு 1000 கிரிட் (கல்லின் மணி எவ்வளவு நுண்ணியது என்பதைச் சொல்லும் எண்) செயற்கைக் கல்லே போதும், பிசிறு நீங்கும்வரை தேய்த்தால் தக்காளித் தோல் தானாக விட்டுக்கொடுக்கும்.

கார்பன் எஃகுக் கத்தியும் நாலு உளியும் வைத்திருக்கிறவர் இயற்கைக் கல் ஒன்றே ஒன்று வாங்குவதானால் சாஃப்ட் ஆர்கன்சா வாங்கட்டும். உளியைவிட அகலமான கல்லாகப் பார்த்து எடுங்கள், குறுகலான கல்லில் உளியின் மூலை கோணிக்கொள்ளும்.