நியோ 2: கதையில் இருக்கும் பேய், சண்டையிலும் அதே பேய்

பேய் வேட்டைக்கு நல்ல ஆக்‌ஷன் கேம் ஏதாவது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது நியோ 2. டீம் நின்ஜா உருவாக்கியது, 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது, அடுத்த வருடம் பிப்ரவரியில் பிசிக்கும் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்தது. புதுசு புதுசாக எத்தனையோ வந்த பிறகும் இதையே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானிய நாட்டார் கதைகளில் வரும் யோகாய்களை இதில் வெறும் வேஷமாக ஒட்டி வைக்கவில்லை. ஒரு பேயைப் பற்றி மக்கள் என்ன கதை சொன்னார்களோ, அது உங்களை அடிக்கும் விதமும் அந்தக் கதையிலிருந்தே வருகிறது.

எனென்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் தோரியாமா செகியென் என்ற ஓவியர் பேய்களுக்காகவே படத்தொகுப்புகள் வரைந்தார், அதில் இது புகையே உருவமான ஒன்று. கேமில் இது ஆரம்பத்திலேயே வரும் பாஸ், அதாவது ஒரு கட்டத்தின் முடிவில் நிற்கும் பெரிய எதிரி. எதிரே நின்று குத்துச்சண்டை போடுகிற மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று சுழல்காற்றாக மாறி உங்களை நோக்கிப் பாயும். அதே போல கமாய்தாச்சி, காற்றில் வந்து அரிவாளால் வெட்டிவிட்டுப் போகும் மரநாய் என்பது கதை. இங்கே அதன் வேகம்தான் உங்களுக்குப் பிரச்சினை. இப்போன் ததாராவுக்குக் கதையிலும் ஒற்றைக்கால்தான், கேமிலும் பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்துக் குதித்தே வரும். அந்தக் குதிப்பின் தாளம் பிடிபட்டால் அடி எப்போது விழும் என்பது தெரிந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சண்டை இல்லாத சின்னப் பேய்கள். நுரிகாபே என்பது இரவில் வழிப்போக்கருக்குக் குறுக்கே நிற்கும் சுவர்ப் பேய். கேமில் ஒரு சுவரை நெருங்கியதும் அதில் கண் திறக்கும். அந்த இடத்தில் கத்தியை உருவாமல் சரியான சைகையைக் காட்டினால் வழிவிட்டுப் போய்விடும், தப்பான சைகை என்றால் அடி விழும். மழை இரவில் நடப்பவர்களின் காலை உரசும் சுனேகோசுரியும் இருக்கிறது, இங்கே அது பூனை மாதிரி ஒரு உருண்டை. கொஞ்சினால் கொஞ்ச தூரம் பின்னாலேயே வரும். எல்லாப் பேயும் கொல்வதற்கே இல்லை என்பது இந்த மரபில் ஆரம்பத்திலிருந்தே உள்ள விஷயம், அதை விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். இதில் உயிரைவிட முக்கியமானது கீ, அதாவது உங்கள் மூச்சு. வாளை வீசினாலும் தடுத்தாலும் ஒதுங்கினாலும் கீ குறையும், முழுசாகத் தீர்ந்துவிட்டால் மூச்சிரைத்து நிற்பீர்கள், அந்த நேரம் ஒரு அடி விழுந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஆனால் வீசி முடித்த அடுத்த கணம் உடம்பைச் சுற்றி நீல நிறத்தில் ஒளித்துகள்கள் கூடும், அவை சேரும் நேரம் பார்த்து ஒரு பட்டனைத் தட்டினால் செலவான கீயில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். யோகாய்கள் தரையில் கறுப்பாக ஒரு குட்டையை விட்டுப் போகும், அதில் நின்றால் கீ மெதுவாகத்தான் ஏறும், அதைத் துடைப்பதும் இதே பட்டன்தான். இது கைக்குப் பழகுவதற்கு முன்னால் கேம் கொடூரமாகத் தெரியும், பழகிய பிறகு வெட்டு, தட்டு, வெட்டு என்று ஒரு ஓட்டம் வரும் பாருங்கள், அதற்காகவே வாங்கலாம். ஆயுதத்தைப் பிடிப்பதில் மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள் வேறு இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அடியின் பலமும் வேகமும் மாறும்.

2017ல் வந்த முதல் பாகத்திலிருந்து இது தனித்துத் தெரியும் இடம் ஒன்று உண்டு. இதில் உங்கள் பாத்திரமே பாதி மனிதன், பாதி யோகாய். எதிரி சிவப்பாக ஒளிரும்போது ஒதுங்கி ஓடாமல் உங்களுக்குள் இருக்கும் பேயை ஒரு கணம் வெளியே விட்டு எதிரடி கொடுக்கலாம். புரூட், ஃபெரல், ஃபான்டம் என்று மூன்று வகை, ஒன்று இறங்கி அடிக்கும், ஒன்று பாய்ந்து ஊடுருவும், ஒன்று தடுத்துத் திருப்பும். பயந்து பின்வாங்க வேண்டிய அடியே வாய்ப்பாக மாறுகிறது! கொன்ற பேய்களின் ஆவியைப் பூட்டிக்கொண்டு அவற்றின் வித்தையையும் பயன்படுத்தலாம் என்பதால் எந்தப் பேயை வெல்கிறீர்கள் என்பது உங்கள் ஆட்டத்தையே மாற்றும்.

கதை 1555ல் ஜப்பானின் மினோ பகுதியில் தொடங்குகிறது, பிற்காலத்தில் ஜப்பானை ஒன்றுசேர்த்த தோயோதோமி ஹிதேயோஷி ஆகப்போகும் தோக்கிச்சிரோவுடன் சுற்றுகிறீர்கள், போர்த்தலைவர் ஓதா நொபுனாகா வருகிறார், அவர் வென்ற ஒகேஹாசாமா போர் வருகிறது. ஆனால் சொன்ன விதம் எனக்குத் திருப்தி இல்லை. பெயர்கள் மளமளவென்று வந்து போகின்றன, வருடங்கள் தாவுகின்றன, நம் பாத்திரம் வாயே திறப்பதில்லை. செங்கோக்கு வரலாறு, அதாவது ஜப்பானிய உள்நாட்டுப் போர்க்கால வரலாறு, ஓரளவு தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் யார் யாருக்கு எதிரி என்பது பிடிபடும்.

இன்னொரு குறை, கீழே விழும் பொருட்கள். எதிரியைக் கொன்றால் கவசம், வாள், கையுறை என்று கொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு மிஷன் முடிந்தால் பையைப் பிரித்து அடுக்குவதே தனி வேலை. அமைப்புகளில் தானாகப் பொறுக்குவதையும் வடிகட்டுவதையும் சரிசெய்துவிடுங்கள், மிச்சத்தை வழியில் ஓய்வெடுக்கும் இடமாக வரும் சின்னக் கோவிலில் காணிக்கையாகப் போட்டுவிட்டு நகருங்கள். துணை மிஷன்களில் ஏற்கெனவே பார்த்த இடங்களே திரும்பத் திரும்ப வருவதும் சலிப்புதான். கஷ்டமும் சீராக இல்லை, முதல் சில பாஸ்கள் பின்னால் வரும் பலரைவிடக் கடினம், ஏனென்றால் அப்போது உங்கள் கையில் வித்தைகள் எதுவும் இருக்காது.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் நீல நிறக் கல்லறைகளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சின்னக் கிண்ணம் ஒன்றைச் செலவழித்தால் வேறொரு ஆட்டக்காரரின் பாத்திரம் துணைக்கு வரும், அதைக் கணினியே இயக்கும். நண்பர்கள் இருந்தால் மூன்று பேர் சேர்ந்தும் ஆன்லைனில் ஆடலாம். ஆயுதத்தில் ஈட்டியை எடுங்கள், அந்த நீளம் இருந்தால் பேயின் அசைவைத் தள்ளி நின்று படிக்க முடியும். வாங்குவதென்றால் கம்ப்ளீட் எடிஷனையே வாங்குங்கள், மூன்று கூடுதல் கதைகளும் அதில் சேர்ந்தே வருகின்றன, இரண்டாவது கதை உங்களை இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னால், ஹெயான் காலத்துத் தலைநகருக்குக் கூட்டிப்போகும்.