கிட் 2.7-உம் 2.34-உம்: ஒரே கமிட், இரண்டு விதமான டிஃப்

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 இயங்குதளம், அதோடு வந்த கிட் 2.34.1 (கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்). தேவகோட்டைக் கிளையில் இன்னும் ஓடும் பழைய சர்வரில் உபுண்டு 16.04, கிட் 2.7.4. பல வருஷமாக இரண்டிலும் மாறி மாறித்தான் வேலை. ஒரு கமிட்டில் (பதிந்து வைத்த மாற்றத்தில்) எந்த வரிகள் போயின, எவை வந்தன என்று காட்டும் டிஃப், இரண்டிலும் சில இடங்களில் வேறு மாதிரி தெரியும்.

அதிகம் குழப்புவது கோப்பின் பெயர் மாற்றம். விலைப்பட்டியல் கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, ஜி.எஸ்.டி. வரி ஒன்றையும் திருத்தியிருந்தேன். கிளையில் இருக்கும் தம்பி பதறிப்போய் போன் செய்தார்: "அண்ணே, விலைப்பட்டியல் மொத்தமும் அழிஞ்ச மாதிரி காட்டுதே!" அவர் திரையில் பழைய கோப்பு முழுக்கச் சிவப்பு, புதியது முழுக்கப் பச்சை. என் திரையில் அதே கமிட், 'ஒற்றுமை 98%' என்ற குறிப்போடு திருத்திய வரியை மட்டும் காட்டியது. 2016-இல் வந்த 2.9-இல்தான் பெயர் மாற்றத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி டிஃப்பில் இயல்பாக்கப்பட்டது. பழையதிலும் அந்த வசதி உண்டு, நாம்தான் கேட்க வேண்டும். சர்வரில் 'டிஃப்.ரினேம்ஸ்' அமைப்பை ட்ரூ என்று வைத்ததும் தம்பிக்கு நிம்மதி.

அடுத்தது நுணுக்கமானது. ஒரே மாதிரி கமெண்டில் (விளக்கக் குறிப்பில்) தொடங்கும் இரண்டு ஃபங்ஷன்களுக்கு (நிரல் துண்டுகளுக்கு) நடுவே புதிதாக ஒன்றைச் சேர்த்தால், 2.7 புதிய ஃபங்ஷனின் முதல் கமெண்ட் வரியைப் பழையது என்று விட்டுவிடும். அதற்குப் பதில் கீழே இருக்கும் ஃபங்ஷனின் கமெண்ட் வரியைப் பச்சையாகக் காட்டும். கணக்குப்படி அதுவும் சரிதான், அந்த டிஃப்பை பேட்சாக, அதாவது பழைய கோப்பின் மேல் திருத்தமாகப் போட்டால், கோப்பு ஒன்றாகத்தான் வரும். ஆனால் ரிவ்யூ செய்பவர் கண் தடுமாறும். வரித்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) பார்த்து எல்லையைத் தீர்மானிக்கும் முறை 2.11-இல் விருப்பத் தேர்வாக வந்து, 2017-இல் 2.14-இல் இயல்பானது. 2.7-இல் இதற்கு வழியே கிடையாது. அதனால் ரிவ்யூவுக்கான டிஃப் எல்லாம் லேப்டாப்பிலிருந்துதான் எடுக்கிறேன். இரண்டு இயந்திரத்தின் டிஃப் வெளியீட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது வீண் வேலை, கோப்புகளை ஒப்பிடுங்கள்.

ஹாஷ் சுருக்கத்தின் (கமிட்டின் அடையாள எண்ணைச் சுருக்கிக் காட்டுவதன்) நீளமும் 2.11 முதல் ரெப்போவின் (கிட் மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தின்) அளவுக்கேற்பக் கூடும். எங்களுடையது சின்ன ரெப்போ, அதனால் பாதிப்பில்லை.

பதிப்பு மாறியும் மாறாத ஒன்று, தமிழில் பெயர் வைத்த கோப்பு. 'விலை' என்ற பெயர் \340\256\265 என்று எண்களாகவே நீளும். 'கோர்.கோட்பாத்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் இரண்டிலும் தமிழ் அப்படியே தெரியும்.