சயாம் மரண ரயில் பாதைச் சுற்றுலா: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வரலாறு என் பாடம். போன பள்ளி விடுமுறையில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, ஒரு சுற்றுலா நிறுவனம் மூலம் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய் வந்தோம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை அந்த வழியாகத்தான் போனது.

வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சரி. நேரத்தைப் பிரித்த விதம்தான் சரியில்லை. குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுக்கக் காலைப்பொழுது முழுவதையும் விட்டுவிட்டு, ஹெல்ஃபயர் கணவாயில் அவசரப்படுத்தினார்கள். பார்க்க வேண்டியதே அந்தக் கணவாய்தான். சுத்தியலும் துளைக்கம்பியும் கொண்டு பாறையைப் பிளந்த பள்ளத்துக்குள் இறங்கி நடக்கலாம். இரவிலும் தீ வெளிச்சத்தில் வேலை வாங்கியதால் வந்த பெயர் அது.

என்னை அதிகம் பாதித்தது நகரத்துக்குள் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அங்கே இருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், வயது, படைப்பிரிவு. 1942, 1943இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது வெறும் கணிப்புதான். நம் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் பிடித்துப் போன தமிழர்கள் அதில் ஏராளம். கைதிகளுக்குப் படைப் பட்டியல் இருந்தது, அதிகாரிகள் ஒளித்து வைத்து எழுதிய குறிப்புகள் இருந்தன, போர் முடிந்ததும் அவர்கள் உடல்களைத் தேடக் குழு போனது. காலராவில் விழுந்த தோட்டத் தொழிலாளிக்காக இப்படி யாரும் பட்டியலோடு தேடிப் போகவில்லை. அந்தக் கற்களுக்கு நடுவில் நின்று இதை யோசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது வகுப்பில் இந்த ரயில் பாதைப் பாடத்தை ஜப்பானியர் ஆட்சியின் கொடுமைகளோடு நான் தொடங்குவதில்லை. யாருடைய பெயரை எழுதி வைத்தார்கள், ஏன் என்று கேட்டுத் தொடங்குகிறேன். தோட்டத்திலும் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) இருந்ததே என்றான் ஒரு மாணவன். இருந்தது, பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்தும்போது) ஆள் கணக்கு எடுக்கவும் சம்பளம் போடவும் என்றேன். அப்புறம் இன்னொரு பெண், இன்று செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிகளின் பெயரை யார் எழுதி வைக்கிறார்கள் என்று கேட்டாள். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் அதே பேச்சுதான். பிள்ளைகள் வீட்டில் பாட்டிமாரிடம் கேட்டு, சயாமுக்குப் போய்த் திரும்பாத உறவினர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். சமூக நீதி என்ற சொல்லை நான் பலகையில் எழுதவே தேவைப்படவில்லை.

ஆசிரியர்கள் கட்டாயம் போங்கள். பாலத்துக்கு ஒரு மணி நேரம் போதும், கணவாய்க்கு அரை நாள் வேண்டும் என்று முன்பணம் கட்டும் முன்பே நிறுவனத்திடம் சொல்லி, பயணத் திட்டத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே ரயில் பாதை பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. கணவாய்க்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டால் இடங்கள் புரியும். கணவாயில் படிகள் நிறைய, வெயிலும் கடுமை. நல்ல காலணியும் தண்ணீரும் அவசியம். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள்.