டெலி மானஸ் 14416: வடசென்னையிலிருந்து கூப்பிடுபவர்களுக்கு

எண்ணூர் குப்பங்களிலோ காசிமேட்டிலோ மனநல உதவி தேடுகிறவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இந்த எண்தான். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பார். தேவைப்பட்டால் மருத்துவருக்கு மாற்றிவிடுவார். தூக்கமின்மை, குடி, சாக வேண்டும் என்ற எண்ணம், எதுவானாலும் தயங்காமல் கூப்பிடலாம்.

ஆனால் போனில் முடியாத வேலைகளும் உண்டு. மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட சில வாரங்கள் ஆகும். வாய் வறட்சியும் வயிற்றுப் புரட்டலும் அதற்கு முன்பே வந்துவிடும். பலர் மாத்திரையை நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். அப்போது குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுகிறவர் மனநல சமூகப் பணியாளர் (சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்). மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகும்போதும் அவர் தேவை. குளிப்பது, சாப்பிடுவது, மற்றவரோடு பழகுவது, பேசுவது, வேலைக்குப் போவது என்று தனித்தனியாக மதிப்பிட்டுத்தான் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். கூட்டமான ஓ.பி.யில் மருத்துவருக்கு இவ்வளவையும் கேட்க நேரம் இருக்காது.

ஆகவே 14416-இல் "தூக்கம் வரல" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் இருக்காங்க, எந்தக் கிழமை பார்க்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையையும் பெயர் சொல்லியே விசாரியுங்கள்.

தனியாரிடம் போனால் படிப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் மாநிலம்தோறும் இருப்பதுபோல் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் லைசென்ஸ் இங்கே கிடையாது. 2017 மனநலச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளருக்குச் சமூகப் பணியில் முதுகலையும், அதன்மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்லும் வேண்டும். பதிவு செய்வது மாநில மனநல ஆணையம். 'கவுன்சலர்' என்று போர்டு மாட்ட இதெல்லாம் தேவையில்லை. ஏமாறக்கூடிய இடம் இதுதான்.

இன்னொரு சிக்கல், பேச இடம். ஒற்றை அறை வீட்டில் எல்லார் காதிலும் விழும். கடற்கரைக் கல்மேல் போய் நின்றால் காற்று இரைச்சலில் எதிர்முனைக்கு ஒன்றும் கேட்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மறைவு போதும். இரவு எத்தனை மணியானாலும் எடுப்பார்கள். கடலுக்குப் போகிறவரின் எண்ணை மட்டும் கொடுத்தால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கூப்பிடும்போது சிக்னல் இருக்காது. அவர் சம்மதித்தால் வீட்டில் இருப்பவர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். விசைப்படகுக் குடும்பங்களுக்குச் சிகிச்சை தொடங்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோதானது. அந்த 61 நாளில் முதல் சில சந்திப்புகளை விடாமல் முடித்துவிடலாம்.