திட்டமிட்டு இறக்குவதா, இறக்கிவிட்டுத் திருத்துவதா?

ஆப் செய்ய இரண்டு வழி. எல்லாவற்றையும் எழுதி, வரைந்து, ஒப்புதல் வாங்கிவிட்டுக் கட்டுவது ஒன்று. ஓரளவு ஓடத் தொடங்கியதுமே ஆட்கள் கையில் கொடுத்துத் திருத்திக்கொண்டே போவது இன்னொன்று. மளிகைக் கடைகளின் கடன் நோட்டுக்குப் பதிலாக நாங்கள் செய்த ஆப் இரண்டாவது வகை. மறுபடி தொடங்கினாலும் அப்படித்தான் செய்வேன்.

முழுத் திட்டத்தின் நன்மைகள் தெரிந்தவைதான்: செலவு முன்கூட்டியே தெரியும், யாருக்கு என்ன வேலை என்பதில் குழப்பம் இருக்காது. ஆனால் திட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று ஒரே வீச்சில் 36 மாநிலங்களுக்குத் திறந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர்தான்.

சீக்கிரம் கையில் கொடுத்தால் கிடைப்பது வேறு மாதிரியான தகவல். ஒரு கடைக்காரரின் நோட்டில் "மாடி வீட்டு அக்கா", "டெய்லர் பழைய பாக்கி" என்றுதான் இருந்தது. பெயரும் போன் நம்பரும் இல்லை. அந்த வாரமே இரண்டையும் கட்டாயமில்லை என்று மாற்றினோம். அறைக்குள் உட்கார்ந்து யோசித்திருந்தால் டெய்லரின் பழைய பாக்கி எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் எதை அவசரமாகச் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: திரும்ப மாற்ற எவ்வளவு செலவாகும்? பட்டனின் இடம் பிடிக்கவில்லையா, சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். டேட்டாவைச் சேமிக்கும் விதம் அப்படியல்ல. பல கடைகளின் கணக்கு உள்ளே போனபின் அதைத் தொட்டால், பழைய பதிவுகள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் புது வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போன் ஆப் என்றால் இன்னும் சிக்கல். அப்டேட் செய்யாதவர்களின் பழைய பதிப்பும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ப்ளே ஸ்டோரில் வெளியீட்டை நடுவில் நிறுத்தலாம், ஏற்கெனவே போனில் இறங்கியதைத் திரும்ப வாங்க முடியாது.

அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் நிதானமாக உட்கார்ந்தோம். தொகையை ரூபாயாகத் தசமத்தில் வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வைத்தோம். வழக்கமான தசமக் கணக்கில் கம்ப்யூட்டர் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று சொல்லும், கடன் நோட்டில் அது ஆகாது. வாடிக்கையாளரை அடையாளம் காணப் போன் நம்பரை நம்பவில்லை, தனி எண் கொடுத்தோம். ஒரே நம்பரை வீடே பயன்படுத்தும், நம்பரும் மாறும். அந்த எண்ணையும் 64 பிட்டில், அதாவது மிகப் பெரிய எண்ணும் அடங்கும் இடத்தில், வைத்தோம். யூடியூப்பின் பார்வை எண்ணிக்கையே 32 பிட்டில் 2,147,483,647-க்கு மேல் போக முடியாமல் 2014-இல் மாற்ற வேண்டி வந்தது. எங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது, ஆனால் முதலிலேயே செய்தால் இதற்குச் செலவே இல்லை.

பெரிய குழுக்களைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நூறு பேர் சேர்ந்து கட்டும் இடத்தில் எழுதிவைத்த திட்டத்தின் எடை கூடலாம். எங்கள் ஆப் கணக்கு எழுதுகிறதே தவிர, பணத்தை அனுப்புவதில்லை. அந்த வசதியைச் சேர்க்கும் நாள் வந்தால் அந்தப் பகுதிக்கு முதல் வழியைத்தான் எடுப்பேன். வெளியீடும் முதலில் சில கடைகளுக்கு மட்டும்தான்.